கரண்டியைக் கையில் கொடுங்கள்

"ஒழுங்காப் படி. இல்லேன்னா சித்தாள் வேலைக்குத்தான் போகணும்!"

ஊரை விட்டுக் கிளம்பும்போது ஊறுகாய் ஜாடி, வெண்கல உருளியோடு சேர்த்து நாம் பத்திரமாக மூட்டை கட்டி வந்த வாக்கியம் இது. மயூர் விஹாரில் கேட்டிருக்கிறேன். துவாரகாவில் கேட்டிருக்கிறேன். குர்கானில் பதினெட்டாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு ஒரு அம்மா தன் பையனிடம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பதினெட்டு மாடிக்கும் கல் சுமந்தது யார் என்று பையன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லை. சிவில் இன்ஜினியர். தில்லியைச் சுற்றியுள்ள சைட்டுகளில் இருபது வருஷமாகத் தூசி தின்கிறவன். இந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சித்தாளைக் கேவலப்படுத்துகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதில் ஒளிந்திருக்கிற பொய். படிப்பு ஏறாதவன் தானாகப் போய் விழுகிற வேலை கொத்து வேலை, அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்கிற பொய்.

சித்தாள் வேலைக்கு வேண்டுமானால் யாரும் போகலாம். சித்தாளாகவே கிழடாகவும் செய்யலாம். அங்கிருந்து கொத்தனார் ஆவதற்கு ஒரு கதவு இருக்கிறது. அதன் சாவி வேறு ஆட்களிடம் இருக்கிறது. இன்றைக்கு அந்தச் சாவியைப் பற்றித்தான் பேச்சு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லு மேல கல்லு வைக்க என்ன படிப்பு?

இப்படிக் கேட்பவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். ஒன்பது அங்குலச் சுவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வரியில் கல் நீளவாக்கில் போகும், அடுத்த வரியில் குறுக்குவாக்கில் போகும். கீழ் வரியின் இணைப்புக்கு நேர் மேலே மேல் வரியின் இணைப்பு வரக்கூடாது. வந்தால் சுவர் அந்தக் கோட்டில்தான் பிளக்கும். அதைத் தவிர்க்க, மூலையில் முதல் குறுக்குக் கல்லை அடுத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டிய துண்டு ஒன்றை வைக்க வேண்டும். கல் உடைந்து சில்லாகாமல் அப்படி வெட்டுவதற்கே கை பழக வேண்டும்.

கல்லை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காய்ந்த கல் சாந்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு அந்தச் சாந்து இறுகாமல் மணலாக உதிரும். சூளைக்காரர் பெயர் பதித்த பள்ளம் மேலே பார்க்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து ஒரு சென்டிமீட்டர், எல்லா வரியிலும் அதே ஒரு சென்டிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவருக்குக் கலவை ஒன்றுக்கு ஆறு, நாலரை அங்குலத்துக்கு ஒன்றுக்கு நாலு. ஒரே நாளில் ஆள் உயரத்துக்குச் சுவரை ஏற்றக்கூடாது. கட்டிய சுவருக்குக் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் கொத்தனாரா? இல்லை. இரண்டு மூலையையும் முதலில் தூக்கிவிட்டு, நடுவில் நூல் கட்டி நிரப்புவதுதான் முறை. நூலைப் பார்த்து நடுவில் நிரப்புவது சீக்கிரம் வந்துவிடும். மூலை தூக்குவது லேசில் வராது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் மூலைமட்டமும் கையில் இருந்தாலும், கண் பழகாவிட்டால் மூலை சாயும். மூலை சாய்ந்தால் நூல் சாயும், நூல் சாய்ந்தால் சுவரே சாயும். மூலை தூக்கத் தெரிந்தவரைத்தான் சைட்டில் கொத்தனார் என்போம். அதற்கப்புறம் பூச்சு வேலை இருக்கிறது. வரைபடம் பார்த்துத் தரையில் கோடு போடுவது இருக்கிறது. மூன்று, நாலு, ஐந்து என்று அளந்து செங்கோணம் எடுப்பார்களே, பித்தாகரஸ் பெயரே கேள்விப்படாமல் அவரை வைத்து தினமும் சம்பாதிக்கிறவர்கள் கொத்தனார்கள் மட்டும்தான்.

திருடிக் கற்கிற தொழில்

இவ்வளவையும் எங்கே கற்கிறார்கள்? பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில். மேஸ்திரி தூக்குவாளியைத் திறக்கும்போது கையாள் பையன் அவர் கரண்டியை எடுத்து நாலு கல் வைத்துப் பார்க்கிறான். மேஸ்திரி திரும்பி வந்து ஒன்று திட்டுவார், இல்லை கண்டும் காணாமல் விடுவார். நல்ல மனுஷராக இருந்தால், "கல்லை அமுக்காதே, தட்டு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைதான் பாடம். பாடத்திட்டமும் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது.

அந்த வார்த்தை யாருக்குக் கிடைக்கிறது? மகனுக்கு, மச்சானுக்கு, சொந்த ஊர்ப் பையனுக்கு, சொந்த சாதிப் பையனுக்கு. மற்றவன் பத்து வருஷம் பாண்டு தூக்கினாலும் பாண்டுதான்.

மேஸ்திரிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். வேலையைப் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசித்தான் எடுக்கிறார். புதுக் கை கல் வைத்தால் வேலை மெதுவாகும், கல் உடையும், கோணலானதை இடித்து மறுபடி கட்ட வேண்டும். நஷ்டம் முழுக்க அவர் தலையில். கற்றுக்கொண்டவனோ இரண்டே வருஷத்தில் அதே தெருவில் போட்டிக்கு நிற்பான். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு வீட்டுக்காரரும் கூலி தருவதில்லை, காண்ட்ராக்டரும் தருவதில்லை. அப்புறம் அவர் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

மேஸ்திரி, இந்திக்காரர்களின் மிஸ்திரி இரண்டும் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதற்கு ஆசான், வாத்தியார் என்று பொருள். வாத்தியார் என்று பெயர் வைத்தோம். வாத்தியார் வேலைக்குச் சம்பளம் வைக்க மறந்துவிட்டோம்.

கரண்டி மட்டும் கிடைக்காத கை

ஆண் பிள்ளைக்காவது அந்தச் சாப்பாட்டு நேரம் உண்டு. பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

தில்லிப் பக்கம் சைட்டுகளில் புந்தேல்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் புருஷன் பெண்டாட்டியாகவே வேலைக்கு வருவார்கள். இருவரும் ஒரே நாளில் கையாளாகச் சேர்வார்கள். சில வருஷத்தில் புருஷன் கரண்டி பிடித்துவிடுவான். பெண்டாட்டி அவனுக்கே கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். நம் ஊரிலும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் வேறு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 500 செங்கல் வேண்டும். ஒரு கல் சுமார் 3 கிலோ. அதாவது ஒன்றரை டன். நல்ல கொத்தனார் ஒரு நாளில் ஏறத்தாழ இவ்வளவு சுவர் எழுப்புவார். அந்த ஒன்றரை டன்னும், அதற்கான சாந்தும், அவர் கைக்கு எட்டும் இடத்துக்குத் தலைச்சுமையாக வந்து சேர வேண்டும். சாரத்தில் ஏறி வர வேண்டும். அதைச் சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்புறம் நாமே சொல்வோம், "கொத்து வேலை கஷ்டமான வேலை சார், பொம்பளைங்களால முடியாது." ஒன்றரை டன் தூக்க முடியும், 3 கிலோ கல்லை நூலுக்கு நேராக வைக்க முடியாதாம். எந்த ஊர் பௌதிகம் இது?

நொய்டாவில் ஒரு சைட்டில் பதினொரு வருஷ அனுபவம் உள்ள ஒரு பெண் கலவை போட்டுக்கொண்டிருந்தார். மணலைக் கையில் அள்ளிப் பார்த்தே, "இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி, தண்ணி குறைச்சு ஊத்து" என்பார். எந்த வரி மட்டம் தப்பியது என்று கீழே நின்றபடியே சொல்வார். இவர் கையில் கரண்டி கொடுத்துப் பார்க்கலாமே என்று சப்-காண்ட்ராக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "சாப், அவ கரண்டி பிடிச்சா, கல்லை யார் சுமக்கிறது?"

அவரால் முடியாது என்று அவர் சொல்லவே இல்லை, கவனியுங்கள். குறைந்த கூலிக்குச் சுமக்கிற ஆள் போய்விடுவாள் என்றுதான் சொன்னார். இருபது வருஷத்தில் இந்த விஷயத்தில் நான் கேட்ட நேர்மையான பதில் அது ஒன்றுதான். மூன்று மாதம் கழித்து அதே சைட்டுக்கு அந்தப் பெண்ணின் கொழுந்தன் வந்து சேர்ந்தான். வயது பத்தொன்பது. ஹோலி வருவதற்குள் அவன் கையில் கரண்டி இருந்தது.

நம் மொழியையும் கொஞ்சம் பாருங்கள். கொத்தனாருக்கு மரியாதையாக ஒரு 'ஆர்' போட்டிருக்கிறோம். சித்தாள் என்றால் சிறு ஆள், சின்ன ஆள். ஐம்பது வயதானாலும் சின்ன ஆள்தான். கொத்தனாருக்குப் பெண்பால் சொல் எனக்குத் தெரிந்து புழக்கத்தில் இல்லை. ஜார்க்கண்டில் ஒரு சொல் பிறந்துவிட்டது. ஸ்வச் பாரத் கழிப்பறைகளைக் கட்டி முடிக்க ஆண் மிஸ்திரிகள் போதவில்லை. கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்தார்கள். அதுவரை ராஜ் மிஸ்திரி என்று மட்டும் இருந்த ஊரில் ராணி மிஸ்திரி என்று பெயர் வந்தது. சொல்லிக்கொடுத்தால் வருகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆண்கள் போதாமல் போன பிறகுதான் கதவு திறந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கார் என்ன செய்கிறது?

எதுவும் இல்லை என்று சொன்னால் அநியாயம். ஐ.டி.ஐ.யில் மேசன் பிரிவு இருக்கிறது, ஓராண்டுப் படிப்பு. ஆனால் அன்றாடக் கூலியில் அடுப்பெரிகிற வீட்டில் ஒரு வருஷம் கூலி இல்லாமல் யார் இருக்க முடியும்? 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். நல்லதுதான். கரண்டி பிடித்தவருக்குக் காகிதம் கிடைக்கிறது. கரண்டியே கிடைக்காதவருக்கு அதில் என்ன இருக்கிறது? 2016இல் வந்த கிராமப்புற வீட்டுத் திட்டத்தோடு சேர்த்து, கட்டுகிற வீட்டையே வகுப்பாக்கிக் கொத்தனார் பயிற்சி கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியான வழி இதுதான். சுவர் கட்டித்தான் சுவர் கட்டக் கற்க முடியும்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும், அதோடு செஸ் சட்டமும் வந்தன. கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு வசூலிக்க வேண்டும். 100 கோடி ரூபாய் அடுக்குமாடி என்றால் 1 கோடி. வசூலான பணம் பல மாநிலங்களில் செலவழியாமல் கிடந்தது. செலவழித்த அழகும் நாறியது. தொழிலாளர் பெயரில் மடிக்கணினியும் வாஷிங் மெஷினும் வாங்கியிருக்கிறார்கள் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தணிக்கைத் துறை சொன்னது. 2018இல் நீதிமன்றம் தீர்ப்பிலேயே கடுமையாகக் கண்டித்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன, செஸ் தொடர்கிறது. அந்த நிதியில் ஒரு பகுதியை எடுத்து, கற்கிற சித்தாளுக்குக் கூலியும் கற்பிக்கிற மேஸ்திரிக்குப் படியும் கொடுத்தால் யார் குடி முழுகும்?

வரப்போகிற கேள்விகள்

"இனிமேல் செங்கல் சுவரே கிடையாது. அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள், ஏ.ஏ.சி. பிளாக் வந்துவிட்டது. செத்துக்கொண்டிருக்கிற தொழிலைப் பற்றி எதற்கு இவ்வளவு?" பெரிய அடுக்குமாடிகளில் உண்மைதான். ஆனால் ஏ.ஏ.சி. பிளாக்குகளுக்கு நடுவே பசை மூன்று மில்லிமீட்டர் அளவுதான். செங்கல் வேலையில் சாந்தைக் கூட்டிக் குறைத்து மட்டத்தைச் சமாளிக்கிற கொத்தனாருக்கு இங்கே அந்த வசதி இல்லை. முதல் வரி தப்பினால் கடைசி வரை தப்பும். பொருள் மாறினால் கைத்திறன் இன்னும் கூடத்தான் வேண்டியிருக்கிறது. அப்புறம், நம் ஊர்த் தெருவில் அலுமினிய அச்சு வைத்து எத்தனை பேர் வீடு கட்டுகிறார்கள்?

"எல்லாரும் கொத்தனாராகிவிட்டால் சித்தாளுக்கு எங்கே போவது?" எல்லாரும் படித்துவிட்டால் வீட்டு வேலைக்கு ஆள் ஏது என்று கேட்ட அதே கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"ஊரில் கொத்தனாரே கிடைப்பதில்லை, எல்லாம் வடநாட்டுப் பையன்கள்தான்." இதைத்தான் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம் மக்கள் அதிகம் புலம்புகிறார்கள். வடநாட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிற நாம் இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது, அதை விடுங்கள். கொத்தனார் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்கிற அந்த இடத்திலேயே, உங்கள் கண் எதிரில், இருபது வருஷமாகச் சுவர் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு அக்கா நிற்கிறார். கல் ஊறப்போடத் தெரியும், கலவை தெரியும், மட்டம் தெரியும். கரண்டி பிடிக்க மட்டும் யாரும் விடவில்லை. மால்டாவிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி ஒரு பையன் வர வேண்டும், ஆனால் பக்கத்துத் தெரு அக்காவைக் கேட்க நமக்குத் தோன்றாது. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனும் யாரிடமோ திட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கற்றவன்தான்.

நாம் செய்யக்கூடியது

சர்க்காரை எழுதித் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பீர்கள், இல்லை அடுத்த வருஷம் தொடங்குவீர்கள். இங்கே வாடகை, அங்கே இ.எம்.ஐ. மைத்துனர் மேற்பார்வை, வாட்ஸப்பில் வீடியோ, தங்கமணிக்கும் உங்களுக்கும் டைல்ஸ் நிறத்தில் சண்டை. இந்த விஷயத்தில் நாமும் முதலாளிகள்தான். ஆகவே:

1. மேஸ்திரியோடு ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: இந்த வேலை முடிவதற்குள் ஒரு சித்தாளாவது கரண்டி பிடிக்க வேண்டும். முடிந்தால் பெண்.

2. சொல்லிக்கொடுக்கிற நாட்களுக்கு மேஸ்திரிக்குத் தனிக்கூலி கொடுங்கள். உடைகிற கல்லும் வீணாகிற சிமெண்டும் உங்கள் கணக்கு, அவர் கணக்கில்லை. இதைச் சொல்லாமல் முதல் நிபந்தனையை மட்டும் போட்டால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார், அவர்மேல் தப்பில்லை.

3. கற்கிறவருக்குச் சித்தாள் கூலியைப் பிடிக்காதீர்கள். கரண்டி பிடிக்கிற நாளிலும் முழுக்கூலி. கூலி குறைந்தால் அந்த அக்கா திரும்பப் பாண்டுக்கே போய்விடுவார்.

4. படுக்கையறைச் சுவரில் பயிற்சி வேண்டாம் என்றால், காம்பவுண்டு சுவர் இருக்கிறது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. முதலில் நூலுக்கு நடுவே நிரப்பட்டும். அடுத்து ஒரு மூலையை மேஸ்திரி பக்கத்தில் நின்று தூக்க வைக்கட்டும்.

5. கை பழகியவருக்கு ஒரு கரண்டி, ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், நூல் வாங்கிக் கொடுங்கள். தனியாகத் தொழில் தொடங்குகிறவருக்கு முதல் தடை இந்தச் சொந்த சாமான்தான். இரண்டாவது தடை முதல் வேலை. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம், "இந்தச் சுவரை இந்த அக்காதான் கட்டினாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தைக்குச் செலவே இல்லை.

மொத்தமாகக் கணக்குப் போட்டால், எலிவேஷனுக்கு ஒட்டுகிற கல்லுக்கு நாம் கொடுக்கிற காசில் ஒரு துளி. அதற்குப் பதிலாக ஊரில் ஒரு குடும்பத்தின் கூலி, சித்தாள் கூலியிலிருந்து கொத்தனார் கூலியாக மாறும். அது ஒரு நாள் உதவி இல்லை. அந்த அக்கா கரண்டி பிடிக்கிற அத்தனை வருஷமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வித்தியாசம் வீட்டுக்குப் போகும்.

அடுத்த தை மாதம் ஊரில் வாஸ்து பூஜை போடப்போகிறவர்கள் யாரெல்லாம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் என்ன வரி எழுதுவது என்பதை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் ஊரில் சித்தாளைக் கொத்தனாராக்கிய மேஸ்திரி யாராவது இருந்தால் அவரைப் பற்றியும் எழுதுங்கள். திட்ட நினைப்பவர்களும் தாராளமாக வரலாம். சைட்டில் வாங்காத திட்டா!